தட்டில் ஊர்ந்த பச்சை

காலை ஏழேகாலுக்கு என் மகள் பச்சையாக வாந்தி எடுத்தாள். முந்தைய மாலை குட்டையில் விழுந்து தண்ணீர் குடித்திருந்தாள். பனியன் கம்பெனிச் சாயத்தண்ணீர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். "எந்தச் சாயமுன்னு கேட்டுட்டு வாங்க," என்றார் டாக்டர்.

குட்டைக்கு ஓடினேன். கரையில் கல்லூரித் தாவரவியல் வாத்தியார் ஒருவர், சளி போன்ற பச்சைக் கொழகொழப்பை விரலில் உருட்டி முகர்ந்துகொண்டிருந்தார்.

"இது என்ன சாயமுங்க?"

"சாயமில்லீங்க, உசுருள்ள பாசி. விடியால உருண்டையா வெச்சேன், பாருங்க."

அவர் காலடியில் இருந்த பீங்கான் தட்டில் அது நூல் நூலாகப் பிரிந்து வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்திருந்தது.

"பனியன் நூலு தோத்துப்போகும். எத்தன அழகு!"

"எம் புள்ள இதக் குடிச்சுட்டாளுங்க!"

அவர் முகம் மாறியது. அந்தக் கொழகொழத்த கையைப் பிடித்தே டாக்டரிடம் இழுத்துப்போனேன். சாயமல்ல, பாசி என்று வாத்தியாரே விவரம் சொல்ல, டாக்டர் சிகிச்சையைத் தொடங்கினார்.

கடைசியில் நர்ஸ் வந்தார். "வாந்தி நின்னுருச்சுங்க. புள்ளயத் தொடறதுக்கு முன்னால ரெண்டு பேரும் கையக் கழுவுங்க."