அடி இழுப்பறையின் சொந்தக்காரர்

அவருக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் சீச்சீயார். கேலிப் பெயருக்கு மரியாதை விகுதி சேர்த்திருப்பதிலிருந்தே, அவரைக் கண்டால் பாதிச் சிரிப்பும் பாதிப் பயமும் இருந்தது தெரியும். தச்சு வேலை செய்கிறவர். நாற்காலி, கட்டில், கதவு எதைக் கொடுத்தாலும் பார்ப்பார். ஆனால் அவரைத் தேடி ஆள் அனுப்புவது, இழுப்பறை இழுக்க வராதபோதுதான். மற்ற தச்சர்கள் வீட்டின் வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இவர் பார்த்தது மனிதர்கள் உள்ளே தள்ளி மூடி வைத்ததை. அப்படிப் பார்த்துப் பார்த்து மரத்தின் மேல் மதிப்பு கூடியது. மனிதர்களைப் பற்றி வேறு கருத்து ஏற்பட்டது.

வேலை தொடங்கும் முறை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இழுப்பறையை முழுதாக உருவி எடுத்து, பக்கப் பலகையில் மூக்கை வைத்து முகர்வார். முகர்ந்ததும் "சீச்சீ" என்பார். அதன் பிறகு, அங்கே பூசியிருப்பது தலைக்குத் தடவும் எண்ணெயா, முகக் கிரீமா, பற்பசையா என்று தீர்ப்புச் சொல்வார். ஒரு வீட்டில் காதுக்கு விடும் சொட்டு மருந்தை விட்டிருந்தார்கள். இழுப்பறை முரண்டு பிடித்தால் வழுக்குகிற எதையாவது தடவினால் போதும் என்று உலகம் நம்புகிறது. தடவினால் ஓடவும் செய்கிறது, கேடு அங்கேதான். சில வாரம் போனதும் எண்ணெயில் தூசி ஒட்டி, மரத்துக்குள் ஊறி, கறுத்துப் பிசினாகி, முன்பு முனகிக்கொண்டாவது வந்த இழுப்பறை இப்போது அசையவே மறுக்கும்.

இவ்வளவு அருவருப்பு உள்ளவர் இந்தத் தொழிலை விட்டிருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். அவருக்கு மட்டும் தோன்றவில்லை. அழுக்கைச் சகிக்கிறவன் பாதி அழுக்கை மிச்சம் வைத்துவிட்டுப் போய்விடுவான் என்பது அவர் கட்சி. அதே மனிதர் சட்டைப் பையில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். அந்தத் துணி எந்தக் காலத்தில் துணியாக இருந்தது என்பதை அவர் மனைவிகூடக் கேட்டதில்லை.

அவருடைய அக்கா தனியாக இருந்தாள். மாடியில் ஓர் அறை, ஒரு சிறிய அடுப்படி, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். கணவர் போன பிறகும் அந்த அறையை விடவில்லை. அதன் பிறகு ஒருநாள் பக்கவாதம் போல ஒன்று வந்து, வலது கையில் பாதிப் பலத்தை எடுத்துக்கொண்டு போனது. வாயின் பலம் அப்படியே இருந்தது.

பிரச்சினை குளியலறையிலிருந்து வந்தது. குளித்துவிட்டு வந்தவள் மாற்றுத் துணி எடுக்க இழுப்பறையை இழுத்திருக்கிறாள். வரவில்லை. இடது கையால் இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் வந்து கோணிக்கொண்டு நின்றது. துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, கீழ்வீட்டுக்காரி தற்செயலாக மேலே வரும்வரை நடுங்கியிருக்கிறாள். செய்தி மகன் வீட்டுக்குப் போனது. மருமகள் வந்தாள்.

மருமகளைக் கொடுமைக்காரி என்று எழுதினால் கதைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவள் நல்லவள். ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம். தரையைக் கண்ணாலும் மூலையை விரலாலும் பார்க்கிறவள். மாமியார் ஈரத்தோடு நடுங்கியதைக் கேட்டு உண்மையிலேயே கண் கலங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமை வருவோம், உங்கள் துணியை நீங்களே எடுக்க முடிந்தால் இங்கே இருங்கள், முடியாவிட்டால் எங்களோடு வந்துவிடுங்கள். மகன் வீட்டில் தனி அறை கிடையாது. கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே, மடக்குக் கட்டில். அக்காவுக்கு மகன்மேல் பாசம் உண்டு. அது தினம் பார்க்காததால் கெடாமல் இருந்தது.

தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். சீச்சீயார் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, இழுப்பறை அலமாரிக்கு முன் குந்தி, மேல் இழுப்பறையை மல்லுக்கட்டி உருவி முகர்ந்தார். வழக்கமான சொல்லைச் சொல்லவில்லை.

"என்னக்கா தடவின?"

"முதல்ல முகத்துக்குப் போடற கிரீம். அப்புறம் வெண்ணெய்."

"வெண்ணெயா?"

"கெட்டுப்போன வெண்ணெய்தாண்டா. நல்லதையா தடவுவாங்க?"

கெட்டுப்போனது பாதிக் கதைதான். மீதிக் கதையை மகன் எழுதியிருந்தான். போன மழைக்காலத்தில் மரம் ஊதி மேலே இருந்த மூன்று இழுப்பறைகளும் இறுகியபோது, அம்மாவுக்கு உதவுகிறேன் என்று உப்புத்தாளோடு வந்து, பக்கங்களைத் தேய்த்துத் தள்ளிவிட்டான். வெயில் வந்ததும் மரம் தன் பழைய அளவுக்குச் சுருங்கியது. தேய்த்த இழுப்பறைகள் பொந்துக்குள் ஆடின, ஆடினதால் கோணின, கோணினதால் சிக்கின. போதாததற்கு, தேய்த்து முடித்தபின் அவற்றை இடம் மாற்றிச் செருகியிருந்தான். பார்வைக்கு எல்லாம் ஒரே அளவு. ஆனால் கையால் செய்த அலமாரியில் ஒவ்வோர் இழுப்பறையும் தன் பொந்துக்கு மட்டுமே பொருந்தும், மற்றதற்கு ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இருக்கும். இந்த அலமாரிக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. எல்லோரும் உதவி மட்டுமே செய்திருந்தார்கள்.

காலி செய்தால்தான் கை வைப்பேன் என்றார் தம்பி. துணியை மட்டும் எடுத்துவிட்டு வேலையைப் பார், அடி இழுப்பறையை விட்டுவிடு என்றாள் அக்கா. அடி இழுப்பறை எத்தனையோ வருஷமாக உதைத்தால்தான் திறக்கும். அதனால் அதை அவளைத் தவிர யாரும் திறந்ததில்லை. தம்பி உதைத்தார்.

உள்ளே பிளாஸ்டிக் பைகள் இருந்தன, பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று அமுக்கி உருட்டிய ஒரு பல நிற உருண்டை. சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி வைத்த பந்துகள். காலாவதியான மாத்திரைகள், துவைத்து மடித்த பழைய காயக்கட்டுகள், ஜோடி போன காலுறைகள். கடைகளில் சும்மா கொடுக்கும் தக்காளிச் சாறு பொட்டலங்கள் வெடித்து வழிந்து, எல்லாவற்றையும் ஒரு குடும்பமாக ஒட்ட வைத்திருந்தன. அந்தக் குடும்பத்துக்குள் கரப்பான்பூச்சிகள் முட்டையிட்டுப் பல தலைமுறை கண்டிருந்தன. சீச்சீயார் இரண்டு விரலால் ஒரு கிரீம் டப்பாவைத் தூக்கித் திறந்தார். உள்ளே ஒரு பல்செட் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"இது என்ன?"

"அத்தான் பல்லு."

"அவர் போய் எவ்வளவு காலமாச்சு?"

"பல்லு போகலையே."

தூக்கிப் போடட்டுமா என்று கேட்டார். கையை உடைத்துவிடுவேன் என்றாள். எந்தக் கையால் என்று கேட்டார். அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிந்ததும், அதில் ஒன்றைக்கூட எறியக் கூடாது என்று இன்னும் உறுதியாகச் சொன்னாள். கடைசியில், எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளுவது என்று உடன்பாடு ஆயிற்று. உடன்பாட்டை அவர் நம்பினார். அக்காவோடு வளர்ந்தும் நம்பினார்.

பிறகு வேலை. பிசினைத் தகட்டால் சுரண்டி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார். இரண்டு தடவை ஜன்னலுக்குப் போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தார். உள்ளே இழுப்பறையைத் தாங்கும் சட்டங்கள் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தன. அவற்றைக் கழற்றித் திருப்பிப் போட்டு, தேயாத பக்கம் மேலே வரும்படி முடுக்கினார். மகன் தேய்த்த பக்கங்களுக்கு மெல்லிய மரப் பட்டை ஒட்டி, காயவிட்டு, இழைத்தார். எந்த இழுப்பறை எந்தப் பொந்துக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கண்டுபிடித்து, பின்பக்கம் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டார். கடைசியில் அந்தத் துணியைப் பிரித்து மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, ஓடும் விளிம்பெல்லாம் தேய்த்தார். அக்கா இடது கையின் சுண்டுவிரலைக் கைப்பிடியில் மாட்டி இழுத்தாள். சத்தமே இல்லாமல் வந்தது. அவள் அதை மூடினாள், திறந்தாள், மூடினாள். போதும்க்கா, தேய்ஞ்சிடப் போகுது என்றார் தம்பி. குரலில் அருவருப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரும் வந்திருந்தார், பட்டை ஒட்டின இடத்தைப் பார்க்க என்று சாக்குச் சொல்லிக்கொண்டு. மகனும் மருமகளும் வந்தார்கள். அக்கா பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி அலமாரி முன் நின்று, மேல் இழுப்பறையைச் சுண்டுவிரலால் திறந்து, ஒரு புடவையை எடுத்து, இடுப்பால் மூடினாள். மருமகளின் முகம் மலர்ந்தது. மாமா வேலையென்றால் வேலைதான் என்றாள். மகன் உப்புத்தாளைப் பற்றி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் நன்றாக ஓடும் இழுப்பறையைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. மருமகள் இரண்டாவதை இழுத்துப் பார்த்தாள், ஆகா என்றாள். மூன்றாவதை இழுத்தாள். குனிந்து அடி இழுப்பறையின் கைப்பிடியைத் தொட்டாள். அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, நிறைந்து.

சாக்கு கட்டிலுக்கடியில் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தம்பி கை கழுவப் போன நேரத்தில் அக்கா அத்தனையையும் பழைய இடத்தில் அடுக்கிவிட்டிருந்தாள். உதைத்தாலொழியத் திறக்காமல் வருஷக் கணக்கில் அவள் மானத்தைக் காத்த இழுப்பறையை, தம்பியின் திறமை சீர் செய்து காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒரு கரப்பான்பூச்சி நிதானமாக ஏறி, விளிம்பில் நின்று, கூட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்கியது. மருமகள் ஒரு அடி பின்வாங்கினாள். முகத்தில் கோபம் இல்லை, முடிவு இருந்தது. துணி எடுக்க முடிகிறதா என்கிற கேள்வியே இனி இல்லை. அக்காவின் வலது கை தொங்கியது. இடது கை அதைப் பிடித்துக்கொண்டது.

"அது என்னோடதும்மா," என்றார் சீச்சீயார். சொன்னபின்தான், சொன்னது தான் என்று அவருக்கே தெரிந்தது.

"எது மாமா?"

"எல்லாந்தான். வேலைக்கு வச்சிருக்கிறது. இங்க போட்டு வச்சேன்."

"இந்த முடிப் பந்துமா?"

"பாலிஷ் தடவ."

மருமகள் கிரீம் டப்பாவைக் காலால் நகர்த்தினாள். மூடி கழன்றது.

"இந்தப் பல்லு?"

"பழசு," என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். அவர் வாயில் சொந்தப் பற்கள் ஒன்று குறையாமல் இருந்தன. அதனால் அதற்குமேல் ஒரு சொல்லும் பேச முடியாத நிலைக்கு வந்தார்.

அந்த மௌனத்தை அக்கா வீணாக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். சின்ன வயசிலிருந்தே இவன் இப்படித்தான், தொட்டதையெல்லாம் சேர்த்து வைப்பான், அம்மா அடிக்காத நாள் கிடையாது, கல்யாணம் ஆனால் திருந்துவான் என்றார்கள், அந்தப் புண்ணியவதி எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறாளோ, என் வீடு என்ன குப்பைத்தொட்டியா என்றாள். பேசப் பேசக் குரல் ஏறியது. இல்லாத நினைவுகளெல்லாம் வந்தன. ஒரு செத்த எலிகூட வந்தது. சீச்சீயார் உதட்டைக் கவ்விக்கொண்டு நின்றார். கையிரண்டையும் யாருக்கும் தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மருமகள் அவரைப் பார்த்தாள். அவர் ஊராரையெல்லாம் பார்த்த பார்வை அது. இத்தனை நாளில் அதை எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் பார்த்ததில்லை.

"அத்தை இங்கேயே இருக்கட்டும்," என்று கணவனிடம் சொன்னாள். பிறகு இவர் பக்கம் திரும்பாமலே, "மாமா, உங்க சாமான் ஒண்ணுகூட இனிமே இந்த வீட்டுல இருக்கக் கூடாது. இன்னைக்கே எடுத்துடுங்க," என்றாள். அவர் அத்தனையையும் மறுபடி சாக்கில் அள்ளிப் போட்டதும், அந்த இழுப்பறையை அவளே சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவப் போனாள். மரத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று கத்த வாய் திறந்தவர், பல் நினைவு வந்து மூடிக்கொண்டார்.

அவர்கள் இறங்கிப் போனதும், சாக்கின் வாயைக் கட்டி, தோளில் போடாமல் கை நீளத்தில் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எங்கே கொண்டு போகிறாய் என்று அக்கா கேட்டாள்.

"எங்க வீட்டுக்குத்தான். எறிய மாட்டேன். போதுமா?"

அக்கா கவலையோடு சாக்கைப் பார்த்தாள், பிறகு அவரை.

"பத்திரமா வைடா. உன் வீடு அவ்வளவு சுத்தமா இருக்காதே."