சொல்லாமல் கை வைக்கக் கூடாது

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துப் பின்பக்கத்தால் விடுகிற பெட்டி, அந்தச் சூடு முழுக்கப் பின்னால் குந்தியிருக்கிற மெக்கானிக்கின் முகத்தில்தான் அடிக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட காலம் முதல் நான் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறேன். பிரிட்ஜ் பழுதாகி, பாலையும் மீனையும் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தவர்களுக்கும், ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்ந்து மனம் நொந்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இராது.

ஐந்தாவது திரி

குளிர்சாதன மெக்கானிக்குகளுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று மருதனார்மடச் சந்தியில் முதலில் வாயைத் திறந்தவன் நான். பிரிட்ஜுக்கு நிரப்பக் கொழும்பிலிருந்து வருகிற காஸ் சிலிண்டருக்குள் என்ன கலந்திருக்கிறது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. எங்களில் ஒருவருக்குக் கை வெந்துபோயிருந்தது. தனித்தனியாகப் பயப்படுவதைவிட எல்லோரும் சேர்ந்து பயப்படலாம் என்பது என் எண்ணம். முதற் கூட்டத்தில் நான் கொண்டுவந்த தீர்மானமே சங்கத்தின் முதல் சட்டமானது: ஒருவர் பழுது பார்க்கிற மெஷினில், அவர் தன் வாயால் சொல்லாமல் மற்றவர் கை வைக்கக் கூடாது. அது தவராசாவை நினைத்தே கொண்டுவந்தது. நான் ஒரு பேக்கரியின் பிரிட்ஜைத் திறந்து வைத்துவிட்டுச் சாமான் வாங்கப் போய் வருவதற்குள், அதைத் திருத்தி மூடிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் அவர். தீர்மானத்துக்கு முதலில் கையை உயர்த்தியவரும் அவரே. கூட்டம் முடியும்போது அவர் தலைவர்.

திறப்பு விழாவில் குத்துவிளக்குக்கு ஐந்து திரி. பள்ளிக்கூட அதிபர், வங்கி முகாமையாளர், ஐயர், காஸ் கடை முதலாளி என்று நான்கு போனது. ஐந்தாவதுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்பினேன். தவராசாவின் மாமனாரைக் கூப்பிட்டார்கள். எழும்பினவன் திரும்பக் கதிரையில் இருக்காமல் வாசலுக்கே நடந்தேன். செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது பொருளாளர் ஓடிவந்து சொன்னார்: "கோவிக்காதேங்கோ மணியண்ணை, கதிரையெல்லாம் சும்மா தந்தவர் அவர்தான்."

நெருப்புப் படம்

அன்றோடு சங்கத்தை விட்டபின் அவர்கள் நடத்திய வகுப்புகளுக்கும் நான் போகவில்லை. புதுப் பிரிட்ஜுகளில் வருகிற காஸ் பற்றி எரியும் என்று கேள்விப்பட்டதோடு சரி. தெல்லிப்பழையில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வீட்டுச் சமையலறையில், குழாய் ஒட்ட நெருப்பைக் கொளுத்திப் பிடித்த பிறகுதான் கம்பிரசரில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு நெருப்புப் படம். படம் பார்க்கப் படிப்புத் தேவையில்லை.

நெருப்பை அணைத்தேன். ரீச்சரின் அடுப்பையும் அணைக்கச் சொன்னேன். கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை அவ கவலையோடு பார்த்தா. பிரிட்ஜை முற்றத்துக்கு இழுத்துக் காஸைத் திறந்துவிட்டேன். ரீச்சர் கொஞ்சநேரம் என்னைத் தேடிவிட்டுக் கேட்டா: "அண்ணை, பெட்டியை வெளியிலை கொண்டுவந்தது சரி, நீங்கள் ஏன் மதிலுக்கு அங்காலை நிக்கிறியள்?"

கார்டு

அதற்குப் பிறகு எந்தச் சிலிண்டரைத் தூக்கினாலும் நெருப்புப் படம் இருக்கிறதா என்று முதலில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் சங்கம் கார்டு கொடுக்கத் தொடங்கியது. வகுப்புக்கு வந்தவர்களுக்குக் கார்டு, கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் காஸ். நல்ல சட்டம்தான், வேறு யாராவது கொண்டுவந்திருந்தால்.

காஸ் கடை முதலாளிக்கு என்னைத் தலை கறுத்திருந்த காலத்திலிருந்து தெரியும். நாலாவது திரி கொளுத்தினவர். என்னைத் தெரியாதா என்று கேட்டேன். தராசைத் துடைத்தபடி சொன்னார்: "தெரியும் மணியம், ஆனா கார்டு இல்லாத ஆளை எனக்குத் தெரிஞ்சும் தெரியாது."

ஈஸ்வரியின் றால்

மிச்சம் இருந்த காஸைச் சொட்டுச் சொட்டாகப் பாவித்துக்கொண்டு, போன் அடித்தால் நெஞ்சு அடிக்கிற நிலைக்கு வந்தேன். வேறு எவருடைய போனையும் விட வல்வெட்டித்துறை ஈஸ்வரியின் போனுக்குப் பயம். கடலிலிருந்து வள்ளங்களில் வருகிற றாலை வாங்கிக் குளிர் அறையில் வைத்து, கொழும்புக்கு லொறியில் அனுப்புகிறவ. அவவின் சீவியமே அந்த அறைதான். அதைக் கட்டிக் கொடுத்தவனும் நான், பழுது பார்க்கிறவனும் நான். வேறு ஆளை அவ உள்ளே விட்டதில்லை.

ஒரு நாள் காலமை அந்தப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் மெஷினில் காஸ் முழுக்கப் போய்விட்டது, என்னிடமும் நிரப்பப் போதிய காஸ் இல்லை. மேலே ஒரு குழாய் வெடித்திருந்தது. ஒருவர் பிடிக்க மற்றவர் ஒட்டவேண்டிய இடம். தனியே ஒட்டிப் பார்த்தேன், நழுவியது. அறை நிறையக் கூடை கூடையாய் றால். வெப்பம் காட்டுகிற முள் மேலே ஏறுகிறது, பின்னேரம் லொறி வரும். தவராசாவைக் கூப்பிடட்டோ என்று ஈஸ்வரி கேட்டா. நான் வெடித்த குழாயைப் பார்க்கத் திரும்பினேன். அவ அதை ஓம் என்ற சம்மதமாக எடுத்துக்கொண்டா.

தவராசா சிலிண்டரோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். அவரும் நானும் கதைத்து எவ்வளவோ காலம். சிலிண்டரை இறக்கி வைத்தார், ஒரு வெறுங் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார், கையைக் கட்டிக்கொண்டார். ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஈஸ்வரி பதறினா. என்னைப் பார்க்காமல் அவவுக்குச் சொன்னார், "இது அவரின்ரை மெஷின். அவர் சொல்லாமல் நான் கை வைக்கேலாது. சங்கத்தின்ரை முதல் சட்டம்."

வந்தவரைச் செய்யச் சொல்லும்படி நான் ஈஸ்வரியிடம் சொன்னேன். வாயால் நேரே சொல்லவேண்டும் என்றுதான் தீர்மானம் என்று அவர் ஈஸ்வரியிடம் சொன்னார். அவ இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தா. முள் ஏறிக்கொண்டிருந்தது. கதவடியில் இருந்த கூடையில் இருந்து இலேசாக மணம் வரத் தொடங்கியது. நான் ஏணியை இன்னொரு தரம் சுவரோடு சாத்தினேன், அவர் கட்டின கையை அவிழ்க்கவில்லை. ஈஸ்வரி அந்தக் கூடையைத் தூக்கி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தா.

"கை வையும், தவராசா," என்றேன்.

சொல்லி வாய் மூடமுன்னம் அவர் ஏணியில் ஏறிவிட்டார். நான் பிடித்தேன், அவர் ஒட்டினார், காஸ் ஏறியது. முள் இறங்கத் தொடங்கும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஈஸ்வரி கெட்டுப்போன கூடையை வெளியே இழுத்துக்கொண்டே சொன்னா: "ஒரு சொல்லுக்கு ஒரு கூடை றால் போச்சு மணியண்ணை, இனி அதை முதலே சொல்லிப்போட்டு வேலையைத் தொடங்குங்கோ."

மறுபடியும் ஐந்தாவது திரி

கார்டு எடுக்காவிட்டால் இனி வாசலை மிதிக்கவேண்டாம் என்று ஈஸ்வரி சொல்லிவிட்டா. அதனால் வகுப்புக்குப் போனேன். இளம் பொடியளோடு ஒரே மர வாங்கில் குந்தியிருந்து நெருப்புப் படத்தின் அர்த்தத்தைக் கேட்டேன். சங்கத்தின் ஆண்டு விழாவில் ஐந்தாவது திரிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மெழுகுதிரியைத் திரியில் பிடித்தேன். திரியில் நெருப்பு ஏறுவதும் அணைவதுமாக இருந்தது. சனம் முழுக்கப் பார்க்கிறது. நிமிர்ந்து பார்த்தால் மண்டபத்து ஏசி நேரே என் திரிக்குத்தான் ஊதுகிறது. வேண்டுமென்றே திருப்பி விட்டிருக்கிறார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மெழுகுதிரியை ஐயரிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து தவராசாவின் குரல் கேட்டது: "மணியண்ணை, அது நான் சுவரிலை பூட்டின மெஷின், கேட்டுப்போட்டுக் கை வையுங்கோ."

கேட்டேன், ஏசி நின்றது, திரியும் எரிந்தது. ஆனால் அதனால் பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சூடு தணிந்துவிட்டது என்று மட்டும் யாரும் நினைத்துவிடவேண்டாம்.