அம்மாவின் லைனில் இருந்த சேர்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலை வீட்டில் தொலைபேசி இணைப்பைத் துண்டிக்கும் வேலை மிச்சமிருந்தது. தொலைபேசிக் கம்பிகள்தான் என் தொழில். அதனால் அதை என்னிடம் விட்டார்கள்.

அம்மாவின் பெயர் கமலாசனி. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் காணிப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்து மூன்று கலவரத்தில் ஒரு வீட்டை எரிய விட்டுவிட்டு வந்ததால், எதையும் நம்ப மாட்டார். கதவுக்கு இரண்டு பூட்டு. அது போதாதென்று கதவில் சாய்த்து வைத்த ஒரு மரக் கதிரை.

கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்த வருடம் எங்கள் லைனில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் தொடங்கியது. பிறகு யாரோ மூச்சு விடுவது கேட்டது. ஒருநாள் லைனுக்குள் தாளிக்கும் கடுகு வெடித்தது.

"சி.ஐ.டி. சேருக்கும் பசிக்கும்தானே," என்றார் அம்மா. பொலிஸ் ஒட்டுக் கேட்கிறது என்பது அவருடைய முடிவு.

"அம்மா, சந்தியிலை இருக்கிற கம்பிப் பெட்டிக்குள்ளை மழைத்தண்ணி போயிருக்கு. ஈரம்."

"ஈரம் மூச்சு விடுமோ தம்பி?"



அம்மா தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொண்டார். முதலாவது, மரியாதை. ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் கேட்டுக்கொண்டிருப்பவரிடம் சிங்களத்தில் விடைபெறுவார். "ஹரி சேர், இவரய்." சரி ஐயா, முடிந்தது. புத்தர் பெருநாளான வெசாக்குக்கு வாழ்த்தும் சொன்னார்.

இரண்டாவது, சங்கேத மொழி. ஆபத்து அங்கேதான் வந்தது.

வவுனியாவில் மாமாவின் மகள் சுகிர்தாவுக்குக் கனடா மாப்பிள்ளை ஒருவர் பேசப்பட்டிருந்தார். அவர் பேராதனையில் உறவினர் வீட்டில் வந்து நின்றார். எங்கள் ஆட்களின் வழக்கம், முதலில் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் பெண்ணைக் காட்டுவது. பிடிக்காமல் போனால் ஊருக்குத் தெரியாது. டொரொன்டோவில் இருக்கும் பெரியம்மா இராசமணியும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் பேசினார்கள். பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பார்சல்'.

நான் பக்கத்து அறையில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல் கேட்டது.

"அக்கா, பார்சல் வெள்ளிக்கிழமை வருது... ஓம், வவுனியாவிலையிருந்துதான். செக்பொயின்ற் எல்லாம் ஒழுங்கு செய்தாச்சு... கோயிலடியிலை சனம் கூடுற நேரமாப் பார்த்து வைப்பம். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. ரெண்டு நிமிஷத்திலை அலுவல் முடிஞ்சிடும்... ஹரி சேர், இவரய்."

பிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். இதைவிட மோசமான சங்கேத மொழியை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. பெண் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தால் கேட்டவர் கொட்டாவி விட்டிருப்பார்.

"என்னம்மா கதை இது? இதை ஆரும் கேட்டிருந்தால் சுகிர்தாவை பஸ்ஸாலை இறக்கி நேரே பொலிசுக்குத்தான் கொண்டு போவினம்."

அம்மாவின் முகம் வெளிறியது. சுகிர்தாவின் வீட்டில் போன் இல்லை. வர வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அம்மா யோசித்தார். பிறகு, நான் எழும்புவதற்குள், ரிசீவரைத் தூக்கினார்.

"சேர், மன்னிக்கோணும். அந்தப் பார்சல் எண்டது சாமான் இல்லை, சேர். அது ஒரு பொம்பிளைப் பிள்ளை."

ரிசீவருக்குள்ளிருந்து ஓர் அலறல்.

"அல்லாவே! பொம்பிளையா?"

அம்மா ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "லேடி சேரோ?"

"என்ன சேரு! நான் ரபீகா, கமலாக்கா! பக்கத்து வளவு! சத்தியமா ஒட்டுக் கேக்கல்ல. ஒங்கட போன் அடிச்சா எங்கடதும் முனகுது. தூக்கினா லைன்ல நீங்க ஈக்கிறீங்க. குசினியில போன வச்சிட்டு நான் என்னத்த செய்ய? இவரு பொலிசுக்குப் போகப்போறேன்டு சட்டையும் போட்டுட்டாரு. கதவப் பூட்டித் திறப்ப நான் வச்சிக்கிட்டு ஈக்கிறன். சொல்லாட்டி நாளைக்கு எங்களையும் புடிப்பாங்களாம். ஒரு வார்த்த சொல்லுங்க, அந்தப் பார்சல் என்ன?"

"என்ரை தம்பியின்ரை மகள், ரபீகா. கோயிலிலை வைச்சுப் பொம்பிளை காட்டப்போறம்."

நானும் எழுந்து போய் ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

"இதச் சொல்ல ஒங்களுக்குக் குண்டு வைக்கிற பேச்சுத்தானா கெடச்சிச்சு?"

"கண்ணூறு படும் எண்டுதான்."

"மாப்பிள எங்க?"

"கனடா."

"என்ன வேல?"

பின்னால் ரபீகா அன்ரியின் கணவர் பளீல், "திறப்பத் தா," என்று கத்தினார். திகனவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். இப்போது கடைக்குப் போகவும் அவருக்குக் கதவுத் திறப்பு வேண்டியிருந்தது. பேச்சு முடியும்வரை கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுகிர்தாவைக் கண்டி பஸ் நிலையத்திலிருந்து ஏற்றி வந்தது பளீலின் வான்தான். சோதனைச் சாவடியில் சிப்பாய் குனிந்து, வானுக்குள் என்ன என்று கேட்டான். பளீல் 'பார்சல்' என்று வாயைத் திறப்பதற்குள் ரபீகா அன்ரி அவர் தொடையில் கிள்ளிவிட்டார். கோயிலுக்கு வெளியே வானிலேயே இருந்து, நாங்கள் திரும்பி வந்ததும் கேட்டார்.

"புடிச்சிச்சாமா?"

"ஓமாம்," என்றார் அம்மா.

அடுத்த வாரம் சந்தியிலுள்ள பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஈரம்தான். இரண்டு வீட்டுக் கம்பிகளையும் எலி கடித்து, செப்பு செப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சின்ன வேலை. அம்மா எனக்குக் குடை பிடித்தார்.

"திருத்தினால் ரபீகாவின்ரை சத்தம் வராதோ?"

"வராது."

"அப்ப மூடு."

"அம்மா, எங்கடை கதை முழுக்க வெளியிலை போகும்."

"எங்கை போகுது எண்டு தெரியும்தானே? பிறகென்ன பயம்?"

மூடினேன். அதற்குப் பிறகும் அம்மா, "ஹரி சேர், இவரய்," என்றுதான் ரிசீவரை வைத்தார். "ஹரி, ஹரி," என்று பதில் வந்தது. கதவில் சாய்த்திருந்த கதிரை தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்தது.

போன மாதம் அம்மா விழுந்தது பெரியம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தபோது. டொரொன்டோவில் பெரியம்மா ஹலோ, ஹலோ என்றிருக்கிறார். ரபீகா அன்ரி கரண்டியோடு ஓடி வந்திருக்கிறார். நான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் தலை ரபீகா அன்ரியின் மடியில் இருந்ததாகச் சொன்னார்கள்.

துண்டிப்பதற்கு முன் லைனைச் சோதிக்க வேண்டும். ரிசீவரைத் தூக்கினேன். டிக். டிக். மூச்சு.

"மகன், இண்டைக்கா வெட்டுறீங்க?"

"ஓம் அன்ரி."

"சோறு ஆகுது. தின்டுட்டு வெட்டுங்க."

கடுகு வெடித்தது.

"ஹரி சேர்," என்றேன். 'இவரய்' என்று முடிக்கவில்லை.