பூட்டு உடைக்கும் போட்டிக்குத் துணை

எல்லோரும் படிக்கும் இந்த இணையக் குழுவில் இதை எழுதுவதற்கு மன்னிக்கவும்.

இன்று பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரி மாணவி, அவளுடைய அப்பாவுடன். சென்னையில் நடக்கும் கணினிப் பாதுகாப்புப் போட்டிக்கு, அதாவது கணினியின் பூட்டுகளை உடைத்துப் பார்க்கும் போட்டிக்கு, அவளைத் தேர்ந்தெடுத்து மெயில் வந்திருந்தது.

"பூட்ட ஒடைக்கிற போட்டியா? நம்ம ஊரு செட்டிகுளத்துல என்னம்மா பேசுவாங்க?"

"திருடறதுக்கு இல்லப்பா. எந்தப் பூட்டு ஒடையும்னு திருடனுக்கு முன்னாடி நாம கண்டுபிடிக்கணும்."

அவர் திரையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"படிச்ச புள்ளையாட்டம் தெரியுது. நீங்க கூடப் போனா அனுப்புறேம்மா. மெட்ராஸ் பழக்கந்தானே?"

"பழக்கந்தாங்க" என்று சொல்லிவிட்டேன். வடக்கே பக்கத்திலிருக்கும் தொழுதூரைக்கூட நான் தாண்டியதில்லை.

சென்னைத் தோழிகளே, வரும் சனிக்கிழமை இரவு எங்கள் இருவருக்கும் உங்கள் விடுதி அறையில் இடம் கிடைக்குமா?