நெற்றியும் நேர்த்திக்கடனும்

எனக்கு நெற்றி பெரிது. சித்தூரில் பள்ளிக்கூடம் படிக்கும்போது அதற்கு ‘ஏர்போர்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், பாவிகள். அம்மாவுக்கும் இதே நெற்றிதான். அவள் நடுவில் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். எனக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, போன வருஷம் ஆபரேஷன் செய்துகொண்டேன். நெற்றித் தோலில் ஒரு பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, தலைத்தோலை முன்னால் இழுத்துத் தைப்பார்கள். “தழும்பு இருக்கும். முடி வளந்து மறைச்சிடும்” என்றார் டாக்டர்.

மறைத்தது. முதல் தடவையாக முடியை ஏற வாரிக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். அந்தச் சந்தோஷத்தோடு பஸ் ஏறி, சித்தூரில் அம்மாவிடம் நெற்றியைக் காட்டினேன்.

அம்மா மலை இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். “நல்லபடியா முடிஞ்சிச்சி. உனக்கு மொட்டை போடறேன்னு ஆபரேஷன் அன்னிக்கே வேண்டிகினேன். எப்ப மலைக்குப் போலாம்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாரைக் கேட்டும்மா என் தலைய வேண்டிகினே?”

“கத்தி வெக்கிற ஒடம்புடி. நான் வேற இன்னாத்த வேண்டிக்கறது?”

பெண்கள் நுனிமுடியில் மூன்று வெட்டு மட்டும் கொடுப்பார்களே, அந்த மூணு கத்தரிக்குப் பேரம் பேசினேன். “முழுசுன்னு சொல்லிட்டு மூணு கத்தரி குடுத்தா சாமியையே ஏமாத்தறது” என்றாள். உதவிக்கு அப்பாவைப் பார்த்தேன்; நைனா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். டாக்டருக்குப் போன் போட்டேன். “மொட்டை போட்டா தழும்பு தெரியுமே...” என்று இழுத்தவர், “ஆனா சாமி விஷயம்மா” என்று நழுவினார். அவரும் திருப்பதிக்காரர்தானே.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “உன்கிட்டருந்து வந்த நெத்திதானே? நீயே போட்டுக்கோ மொட்டை!” என்று கத்தினேன். அம்மா காலண்டரை எடுத்து நாள் பார்க்க ஆரம்பித்தாள்.

மறுவாரம் மலையில், மொட்டை போடும் கல்யாணகட்டாவில், பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எங்கள் முறை வந்தது. மழிக்கும் பெண் பிளேடை மாற்றிக்கொண்டு, யாருக்கு என்று நிமிர்ந்து பார்த்தாள். நான் நகர்வதற்குள் அம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா! சாமியை ஏமாத்தறதுன்னு சொன்னே?”

“சும்மா இருடி. வேண்டிகினப்ப உனக்கு ஆபரேஷன் ஆவல. அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நெத்தி. சாமி மேலருந்து பாத்தா எது யாருதுன்னு தெரியவா போவுது?”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஈரத்தோடு நரைமுடி கொத்துக் கொத்தாக விழுந்தது. அவளுடைய கொண்டை ஊசிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டு, “கோவிந்தா, கோவிந்தா” என்றார்கள்.