பின்பக்கம் படிப்பவர்

செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ஓர் அம்மாள் இருந்தார். வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. எந்த மாத்திரை அட்டையைக் கொடுத்தாலும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பார். காத்து நிற்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும்தான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒருநாள், அம்மாவின் பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன்.

"வேற என்னென்ன சாப்பிடறாங்க சார்? எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்களேன்."

முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போய்ப் பையோடு வந்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவர், இரண்டு அட்டைகளை மட்டும் அருகருகே வைத்தார்.

"இது யார் எழுதினது?"

"நம்ம தெரு டாக்டர். அது தாம்பரத்துல இருக்கற ஹார்ட் டாக்டர் எழுதினது."

"பேருதான் வேற சார். ரெண்டும் ஒரே மருந்து. அம்மாவுக்குத் தலை சுத்துமே?"

சுற்றியது. "மாத்திரை போட்டாத்தான்டா சுத்துது" என்று இரண்டு மாதமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். வயசானால் அப்படித்தான் என்று சொல்லி, தினமும் இரண்டையும் அவள் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தவன் நான்.

அவர் தாம்பரம் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, ஓர் அட்டையைத் தனியே ஒதுக்கினார்.

"வீட்ல யார் சார் எடுத்துக் குடுக்கறது?"

"அவங்களேதான் போட்டுக்கறாங்க" என்றேன்.

கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். கவரில் 'காலை ஒன்று மட்டும்' என்று பெரிதாக எழுதி நீட்டினார்.

"இனிமே நீங்க பக்கத்துல இருந்து குடுங்க சார்."

நான் சொன்னதை நம்பித்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை என்னையும் திருப்பிப் படித்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.