அப்பா சுட்ட பேரிக்காய் டார்ட்டு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இந்தப் புரட்டாசியோடு ஓராண்டு ஆகிறது. அவருடைய நினைவு நாளுக்கு வேலை வெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இந்த நினைவு மலருக்கு அப்பாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அண்ணன் என் தலையில் கட்டினார். "பொறந்த ஊரு, கெணறு வெட்டுனது, நம்மளப் படிக்க வெச்சது எல்லாம் எழுது அம்மிணி. ஏற்காட்டுச் சமாச்சாரத்த மட்டும் ரெண்டு வரில முடிச்சுரு" என்றார். சரி என்றுதான் உட்கார்ந்தேன். அந்த இரண்டு வரிதான் முடிய மாட்டேன் என்கிறது. நான் எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவள் என்பது வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே நாலைந்து வீடுகளே இருந்த ஒரு காட்டு வளவில் அப்பா பிறந்தார். நான்கு ஆண்மக்களில் மூன்றாமவர். மழையை நம்பிய பூமி. சோளமும் கடலையும் விளைந்தால் உண்டு. மழை பொய்த்த ஒரு வருஷம் வீட்டில் மாடுகளை விற்றார்கள். அடுத்த வருஷமும் பொய்த்தபோது பையன்களை வெளியே அனுப்பினார்கள். மீசை அரும்பும் வயதில் அப்பா ஏற்காடு ஏறினார். காப்பிப் பழம் பறிக்கத்தான் போனார். தோட்டத்துப் பங்களாவில் அடுப்படிக்கு ஆள் குறைந்த சமயம் அது. விறகு தள்ள உள்ளே கூப்பிட்டார்கள். அப்படியே உள்ளேயே தங்கிவிட்டார். ரொட்டி சுட்டார், கேக் சுட்டார், மாவுக்குள் பழத்தை வைத்து டார்ட்டு சுட்டார். தொரை கீழே சேலத்திலிருந்து விருந்தாளிகளைக் கூட்டி வருவதே அந்த டார்ட்டுக்காகத்தான் என்று அப்பா அம்மாவிடம் ஒருமுறை சொன்னாராம். அப்பா தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதாக எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஊரில் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது? காடு தோட்டம் உள்ள வீட்டுப் பையன் தொரை வீட்டு அடுப்பில் நிற்கிறான், அங்கே என்னென்ன இறைச்சி வேகுமோ என்று நாலு பேர் பேசினால் பெண் கிடைக்காது. அப்பாவைப் பெற்றவர் யோசித்து, "எஸ்டேட்டுல ரைட்டரு வேலைங்க" என்று சொல்லிவிட்டார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா சட்டைப்பையில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு வருவார். அந்தப் பேனா கடைசிவரை பையை விட்டு இறங்கவில்லை. அதில் மை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இந்த மலரின் அட்டைப் படத்திலும் இருக்கிறது, பாருங்கள்.

அம்மாவின் வீட்டாரும் ரைட்டர் மாப்பிள்ளை என்று நம்பித்தான் பெண் கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில் அப்பாவின் முன்கையில் வரி வரியாகத் தழும்புகளை அம்மா பார்த்திருக்கிறார். "ஏனுங்க, கணக்கு எழுதுற கையி எப்பிடிங்க வெந்துச்சு?" என்று கேட்டாராம். அப்பா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "எங்க அண்ணனுக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க" என்றாராம். அன்றிலிருந்து அந்த வெட்கத்தில் அம்மாவுக்கும் பங்கு வந்தது. பிறகு எங்களுக்கும் வந்தது. எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிக்காமல் எல்லாரும் பொதுவில் வைத்துக்கொண்ட சொத்து அதுதான்.

தொரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போனதும் அப்பா கீழே இறங்கினார். பங்குக்கு வந்த மேட்டுக்காட்டில் அம்மாவும் அவருமாகக் கிணறு வெட்டினார்கள். பாறை விழுந்து இரண்டு முறை வேலை நின்றது. தண்ணீர் வந்ததும் மரவள்ளி போட்டார். அதை விற்றுத்தான் அண்ணனும் நானும் படித்தோம். காட்டில் வேலை செய்பவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்காமல் அப்பா தட்டில் கை வைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தல் கால் நடுவார். ஆனால் சமையல் நடக்கும் கொட்டகைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார். வெளியே நின்றபடியே மூக்கை உறிஞ்சி, "பருப்பு அடிப்புடிக்கப் போகுது" என்று அம்மாவின் காதில் சொல்வார். போய்ச் சொல்லுங்களேன் என்றால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் எங்களுக்கு அப்பாதான் சமைப்பார். அன்றைக்கெல்லாம் வாசற்கதவு சாத்தியிருக்கும்.

பங்களாவிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு பொருள். ஓரம் அலை அலையாக வளைந்த, டார்ட்டு சுடும் தகரத் தட்டு. பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் கிடந்தது.

இனி, அண்ணன் எழுத வேண்டாம் என்று சொன்ன பகுதி.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயுத பூஜையன்று அவருடைய ஷெட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடும். ஒரு வருஷம் பூஜை ஐப்பசியில் வந்தது. மாமாவுக்குக் கம்ப்ரசர் விற்கும் சேலத்துக்காரர் பேக்கரியிலிருந்து பெட்டி பெட்டியாகக் கேக் கொண்டுவந்தார். எல்லாரும் அதைப் புகழ்ந்து தள்ளினார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் என்னத்தங்ணா. எங்க ஊட்டுக்காரருக்கு எஸ்டேட் பழக்கத்துல ஒரு சமையல்காரரு தெரியும். பழம் வெச்சு அவரு சுடுறதுக்கு முன்னால இது நிக்காது" என்று சொல்லிவிட்டார். மாமாவும் விடவில்லை. "அப்ப அடுத்த பூசைக்கு மாப்ளய வாங்கியாரச் சொல்லு, பாக்கலாம்" என்றார்.

அடுத்த ஆண்டுப் பூஜைக்கு முந்தைய நாள் அப்பா பரணில் ஏறி அந்தத் தட்டை இறக்கினார். சேலம் அஸ்தம்பட்டிக்குப் போய், ஏற்காட்டிலிருந்து வந்து கூடையில் விற்பவர்களிடம் சீசன் முடிகிற கடைசிப் பேரிக்காய்களைப் பொறுக்கி வந்தார். வீட்டுக்குப் பின்னால் கிழங்கு போட்டுவைக்கும் கொட்டகையில் வேலை நடந்தது. பெரிய அலுமினியக் குண்டானில் ஆற்று மணலைக் கொட்டி அடுப்பில் ஏற்றினார். இரும்புத் தட்டால் மூடி அதன் மேலும் கொட்டாங்குச்சிக் கனலை அள்ளிப் போட்டார். அதுதான் எங்கள் ரொட்டி அடுப்பு. மூடியைத் தூக்கி இறக்குவது அம்மாவின் வேலை.

அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. மைதாவில் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துக்கொண்டே என்னிடம் வாய் ஓயாமல் பேசினார். "இத அடிச்சுப் பெசையக் கூடாது சாமி. கையிச் சூடு பட்டாலே கெட்டியாயிரும். புதுசா வந்த மருமகளாட்டப் பதமாத் தொடோணும்." அம்மா உடனே, "என்னைய எந்தப் பதமா நடத்துனீங்க?" என்றார். அப்பா சத்தமாகச் சிரித்தார். பிறகு அம்மாவுக்குத் திடீரென்று நினைவு வந்தது. "ஏனுங்க, இது பொரட்டாசி. முட்டை கிட்டை போட்டுராதீங்க."

"அது எனக்குத் தெரியாதா? பங்களால மஞ்சக்கரு ஊத்துவோம். இதுக்கு வெண்ணெயும் கெணத்துத் தண்ணியுமே போதும். மேல பாலும் சக்கரையும் தடவி எடுத்தா எப்பிடி மினுங்குது பாரு."

மினுங்கியது. கீற்றுக் கீற்றாக மாவுப் பட்டை பின்னி, இடுக்கில் பேரிக்காய்த் துண்டுகள் பாகோடு தெரிந்தன. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

மறுநாள் ஷெட்டில் போர் வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பொரிகடலை, சுண்டல், வாழைத்தார், தேங்காய் எல்லாம் முன்னால் பரப்பியிருந்தன. மாமா சொல்லி, டார்ட்டையும் ஓர் இலை போட்டு அப்பாவே அங்கே வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றார். அவர் கையால் சுட்டது ஒன்று சொந்தக்காரர்கள் நடுவில் சாமிக்கு முன்னால் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அந்தச் சேலத்துக்காரர் குனிந்து பார்த்தார். "அடடே, பிரமாதமுங்க! மேல முட்டை தடவுனாத்தான் இந்த மினுமினுப்பு வரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மெச்சித்தான் சொன்னார்.

மாமா கேட்டார்: "மாப்ள, இதுல முட்டை இருக்குதுங்களா?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். இல்லை என்ற ஒரு சொல் போதும். ஆனால் வாங்கி வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? சுட்டவருக்குத்தான் தெரியும். அப்பாவின் வாய் திறந்தது. அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்பா பேனா இருந்த சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு, "வாங்கியாந்ததுங்க மச்சான். எனக்குத் தெரியலீங்க" என்றார்.

"அப்ப சாமிக்கு முன்னால வேண்டாம். எடுத்துருங்க" என்றார் மாமா. அவர் வேறு என்ன சொல்ல முடியும்?

அப்பாவே எடுத்தார். ஷெட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நாய்களுக்குப் போட்டார். தட்டைத் துண்டால் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, எல்லாரோடும் நின்று கும்பிட்டு, பொரி வாங்கித் தின்றார். எனக்கு நிற்க இடமில்லாதது போல் வெட்கமாக இருந்தது. தன் கை செய்ததைத் தன்னுடையது இல்லை என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டுச் சிரித்த முகமாகப் பொரி தின்பதைப் பார்ப்பது கொடுமை. பஸ்ஸில் வரும்போது அம்மா, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க" என்றார். "எந்த வார்த்தைய?" என்றார் அப்பா.

தட்டு மறுபடியும் பரணுக்குப் போனது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் வீட்டில் மண்வெட்டி, அரிவாள், கடப்பாரையோடு அப்பா தன் பேனாவையும் வைப்பார். அதற்குச் சந்தனம் வைக்கும்போது எங்கள் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். நாங்களும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம்.

சென்ற ஆண்டு அப்பாவை அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலில் படுத்தபடியே ஏற்காடு போகும் பஸ்களைப் பார்க்கலாம். ஒரு நாள் பெரிய மாமா வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மழையைப் பற்றியும் கிழங்கு விலையைப் பற்றியும் பேசினார்கள். மாமா போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தத் தட்டு பரண்லதான இருக்குது?"

"இருக்குதுங்கப்பா."

"துருப் புடிச்சிருக்கும். கொஞ்சம் எண்ணெ தடவி வெய்யி." பிறகு, "அன்னைக்கு நான் முட்டை போடல சாமி" என்றார்.

"தெரியுமுங்கப்பா. நாங்கதான் பாத்துக்கிட்டிருந்தமே."

"உங்களுக்குத் தெரியும். உங்க மாமன்கிட்டச் சொல்லோணும்னு இப்பக்கூட வாய் வரைக்கும் வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு, உட்டுட்டேன்."

சில நாட்களில் அப்பா போய்விட்டார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மா திருச்செங்கோடு போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டாராம். "மாப்ள கையா அது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, "சொல்லியிருந்தா மட்டும் அன்னைக்கு நான் என்ன பண்ணியிருப்பேனோ, தெரியல. வெக்கப்பட வேண்டியது நானு. எழுதச் சொல்லு" என்றாராம். அண்ணன் இந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தார். ஏணியை எடுத்துச் சாத்திப் பரணில் ஏறினார். அட்டைப் படத்தை மாற்றத்தான் நேரமில்லை. பேனா இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவைத் தம் வீட்டுப் பெரியவரைப் போல் கவனித்த மருத்துவருக்கும் நர்சுகளுக்கும், கேட்டவுடன் கார் கொண்டுவந்த பக்கத்துக் காட்டுக்காரருக்கும், அவரைத் தோள் கொடுத்துச் சுமந்த பங்காளிகளுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் வந்து வந்து பார்த்த பெண்டுகளுக்கும், இன்று பந்தலில் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தும் பெரிய மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

படையலில் அந்தத் தகரத் தட்டைச் சந்தனம் வைத்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறோம். இந்த மலரோடு உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் இலைப் பொட்டலம் தருகிறோம். முதல் பொட்டலம் பெரிய மாமாவுக்கு. அதில் இருப்பது பேரிக்காய் டார்ட்டு. அப்பாவின் பக்குவத்தில் அம்மாவும் அண்ணனும் குண்டானில் மணல் போட்டுச் சுட்டது. மேலே மினுங்குவது பாலும் சர்க்கரையும்தான். புரட்டாசி மாதமாயிற்றே என்று யாரும் தயங்க வேண்டாம்.

முட்டை போடவில்லை.